இரண்டால் பெருக்கிய மையம்

விசில் சத்தம்தான் முதலில். நீளமாக ஒன்று. அதன் பின்னாலேயே இரும்புக் கயிறு விறைக்கும் ஒலி, யாரோ பல்லைக் கடிப்பதுபோல.

பெருங்களத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. காலையில் கிரேன் வந்து நின்றுவிடும். கீழே நிற்கும் ஆள் விசிலடித்ததும் கம்பிக்கட்டு தரையை விடும். விட்ட வேகத்தில் நேராக மேலே போய்விடும். எனக்கு அந்த இடத்தில் ஒரு நிறுத்தம் வேண்டியிருக்கிறது. நாலு விரற்கடை தூக்கி, நிறுத்தி, யாராவது குனிந்து பார்க்க வேண்டும். யாரும் பார்ப்பதில்லை. கம்பி போய்விடுகிறது. காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் அந்த நாலு விரலிலேயே நின்றுபோகிறேன்.

போன வாரம் பிரபு வந்திருந்தான். ஐம்பத்தொரு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது பக்கத்து மேசையில் இருந்தவன். இன்னும் அதே துறைதான். மடிக்கணினியைத் திறந்து புதிதாக வந்திருக்கும் மென்பொருளைக் காட்டினான். ஒரு பட்டியல் விரிந்தது: எடை, கன அளவு, ஈர்ப்பு மையம், இன்னும் என்னென்னவோ. தட்டினால் போதும்.

"இதெல்லாம் ஒரு காலத்துல யாரோ உட்கார்ந்து எழுதியிருப்பாங்க இல்ல சார்?"

"நம்ம ஆபீஸ் புரோகிராம்ல ஈர்ப்பு மையத்தை எழுதினவன் நான்தான்டா. தப்பா எழுதினேன்."

"சும்மா சொல்றீங்க."

"எங்க தப்புன்னு கேளு, அதுதான் தெரியாது."

சிரித்தான். "அப்ப அதையே எழுதிக் குடுங்க சார், நம்ம பசங்க படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான். எழுத உட்கார்ந்தால் தப்பு இருக்கும் இடத்தை விரல் நீட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது. விரல் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. முப்பது வருஷமாக அப்படித்தான்.

படிப்பு, பயிற்சி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இயந்திரப் பொறியியல் படித்தேன். குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் இரண்டு வருஷம் வரைபலகை முன்னால் நின்று கால் வீங்கியது. எண்பதுகளின் பின்பாதியில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன வடிவமைப்பு அலுவலகத்தில் நாற்காலி கிடைத்தது. கீழே பாத்திரக் கடை, மேலே நாங்கள், எங்களுக்கும் மேலே ஜெனரல் மேனேஜர். எங்கள் தளத்தில் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் ஏசி, ஏசிக்குள் கம்ப்யூட்டர். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். மனிதர்களுக்கு மின்விசிறி.

எங்கள் தலைமைப் பொறியாளர் வரதராஜன் சார். சனிக்கிழமை தவறாமல் திருநீர்மலை ஏறிவிட்டு வருவார். நெற்றியில் வேர்வையும் திருமண்ணும் ஒன்றாக இறங்கியிருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. 'தப்பு' என்ற சொல்லையே பயன்படுத்த மாட்டார். "இது யோசிக்க வேண்டியது" என்பார். அதைக் கேட்டால் நாங்கள் முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்போம். அச்சான தாளை நேராகப் படித்துவிட்டு, பிறகு தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொருமுறை படிப்பார். நேராகப் படித்தால் கண் எதிர்பார்ப்பதைத்தான் பார்க்குமாம். விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் போகும்போது பேச்சு யாருக்கும் கேட்காது. சார் அப்போது ஆள்காட்டி விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, வாயைப் பாதியில் திறந்தபடி காத்திருப்பார். விமானம் போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடர்வார். சொல்லிலிருந்து அல்ல, எழுத்திலிருந்து.

எங்கள் வேலை இதுதான்: தகடும் கம்பியுமாகச் செய்யும் சட்டங்களை, வலு குறையாமல் எடை குறைத்துத் தருவது. ஒவ்வொரு தகட்டின் தடிமனையும் புரோகிராம் சுற்றுக்குச் சுற்று கூட்டும், குறைக்கும். மாற்றும்போதெல்லாம் அமைப்பு பதில் சொல்லும்: எடை இவ்வளவு, வளைவு இவ்வளவு. அந்தப் பதிலுக்கு ரெஸ்பான்ஸ் என்று பெயர். நாம் எழுதிவைத்திருக்கும் பதில்களை மட்டும்தான் அதனிடம் கேட்க முடியும். எழுதாததைக் கேட்டால் பேசாமல் இருக்கும், பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கும் பையன் மாதிரி.

தொண்ணூறுகள் தொடங்கிய சமயம், ஜெனரேட்டர் செய்யும் ஒரு வாடிக்கையாளர் வந்தார். நீளமான சட்டம், ஒரு முனையில் டீசல் எஞ்சின், மறுமுனையில் மின்சாரம் செய்யும் ஆல்டர்னேட்டர். ஓர் ஆஸ்பத்திரி மொட்டை மாடிக்கு அதை ஒற்றைக் கொக்கியில் தூக்கி வைக்க வேண்டும். கொக்கி மாட்டும் வளையத்தின் இடம் மாற்ற முடியாதது. மொத்தப் பாரத்தின் ஈர்ப்பு மையம் அந்த வளையத்துக்கு நேர்கீழே இருந்தால் ஜெனரேட்டர் படுத்தவாக்கில் எழும்பும். விலகினால் சாயும். எடையைக் குறைக்கிறேன் என்று தகட்டைச் சுரண்டும்போது மையம் எங்கேயாவது ஓடிவிடக்கூடாது.

"சேகர், ஈர்ப்பு மையத்தையும் ஒரு ரெஸ்பான்ஸா போட்டுடுப்பா" என்றார் சார். உப்புப் போடச் சொல்வதுபோல.

மூன்று வாரம் பித்துப் பிடித்து அலைந்தேன். எடை சாதாரணக் கூட்டல். தகடு தகடாகக் கூட்டினால் வந்துவிடும். மையம் அப்படியில்லை. மேலே ஒரு கூட்டல், கீழே ஒரு கூட்டல், நடுவில் ஒரு வகுத்தல் கோடு. தூரத்துத் தகட்டைத் தடித்தால் மையம் அதை நோக்கி நகரும். மையத்திலேயே இருக்கும் தகட்டை எவ்வளவு தடித்தாலும் அசையாது. எல்லாத் தகட்டையும் பாதியாக இளைத்தாலும் அசையாது. அது நகர நகர, எந்தத் தகடு எவ்வளவு இழுக்கும் என்பதும் நகரும். வளையலின் மையம் வளையலில் இல்லை, காற்றில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் இடப்பக்கம் மனிதக் கொத்தாகச் சாய்ந்து போகும் பஸ்ஸைப் பார்த்தால், இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு, அதன் மையம் இப்போது எந்தப் பயணியின் மடியில் உட்கார்ந்திருக்கிறது என்று யோசித்துக்கொண்டு போவேன். ஒரு பொருளின் மொத்தமும் ஒரே புள்ளியில் இருக்கிறது, அந்தப் புள்ளியில் ஒன்றுமே இல்லை. இது எனக்கு இன்றைக்கும் சரியாகப் புரிந்ததாகச் சொல்ல மாட்டேன்.

எழுதி முடித்த கணக்கைப் புரோகிராமில் சேர்க்க வேண்டும். அதில் பதில்களுக்கு இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஓரிடத்தைச் சேர்ந்த பதில்கள் ஒன்றில்: இந்த மூலையில் வளைவு எவ்வளவு, அந்த மூலையில் அழுத்தம் எவ்வளவு. முழு உடலைச் சேர்ந்தவை இன்னொன்றில்: எடை, கன அளவு. ஈர்ப்பு மையம் முழு உடலைச் சேர்ந்தது. இரண்டாம் பட்டியலில் மூன்றாவதாக எழுதினேன். ஒரு முழு உத்திரத்தைக் கொடுத்துப் பார்த்தேன். கைக்கணக்கும் கம்ப்யூட்டரும் ஒத்துப்போயின. சார் தாளைத் தலைகீழாகவும் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

ஜெனரேட்டர் சட்டத்தின் தரவைத் தயாரித்தவர் ஸ்டெல்லா. இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வந்தவர். ஒப்பந்தம் அடுத்த மாசக் கடைசியில் முடிய இருந்தது. நிரந்தரமாக்கச் சொல்லி வரதராஜன் சார் எழுதிய கோப்பு மேல்மாடியில் இருந்தது. ஸ்டெல்லாவின் அப்பா ரயில்வேயில் ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நிலை.

"செம்பாக்கத்துல ஏரிப் பக்கம் ஒரு வீடு பார்த்து வெச்சிருக்கோம் சார். அந்த வீட்டுக்காரம்மா முதல்ல கேட்டது என்ன தெரியுமா? பொண்ணு வேலை பர்மனென்ட்டான்னு. எனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவங்ககூட அவ்வளவு கேட்கல."

கம்ப்யூட்டரின் நினைவகம் சின்னது. இடமும் வலமும் ஒன்றாக இருக்கும் சட்டங்களுக்குப் பாதியை மட்டும் கொடுப்பது எங்கள் வழக்கம். நெடுக்காக வெட்டிய வாழைப்பழம்போல. ஸ்டெல்லாவும் அப்படித்தான் கொடுத்தார்.

தரவு தயாரானதும் வாசிப்பு. இது எங்கள் அலுவலகத்தின் சடங்கு. மொத்தத் தரவையும் அச்சடித்து, ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் வரைபடத்தோடு ஒப்பிட்டு டிக் போட வேண்டும். புள்ளியைப் 'புள்ளி' என்றும் கமாவைக் 'கமா' என்றும் வாசிக்க வேண்டும். முடிந்ததும் இருவரும் கையெழுத்திட வேண்டும். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, நாம்தான் அதன் காதில் பொய் ஓதுவோம் என்பது சாரின் நம்பிக்கை. எங்கள் எல்லோருடையதும்தான்.

ஸ்டெல்லா வாசிக்க நான் டிக் போட்டேன். ஒன்றரை நாள்.

"ஸ்டெல்லா, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வாசிக்கற ராகம் வருதும்மா" என்றார் சார், போகிற போக்கில்.

"அங்க யாரும் கமாவை வாசிக்கச் சொல்றதில்ல சார்."

சார் அன்றைக்குச் சிரித்தார்.

புரோகிராம் ஓடியது. இருபது சுற்றுக்குப் பிறகு ஒரு வடிவத்தில் வந்து நின்றது. எடை நாங்கள் நினைத்த அளவு குறையவில்லை. ஆல்டர்னேட்டர் பக்கத்துத் தகடுகள் தடித்திருந்தன. மையத்தை இழுக்க அப்படித் தடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். வளையம் இருப்பது எஞ்சினும் ஆல்டர்னேட்டரும் சேரும் கோட்டிலிருந்து எஞ்சின் பக்கமாக ஓர் அடி. மையமும் ஓர் அடி என்று அச்சாகியிருந்தது. (எல்லாம் மில்லிமீட்டரில் இருந்தவை, படிக்கிறவர் வசதிக்காக அடியாக்கிச் சொல்கிறேன்.)

சட்டம் செய்தாயிற்று. பெருங்களத்தூரைத் தாண்டி ஒரு யார்டில் தூக்கிப் பார்க்க நாள் குறித்தார்கள். வாடிக்கையாளரின் பொறியாளர் வந்திருந்தார், சார் வந்திருந்தார், ஸ்டெல்லாவும் நானும்.

யார்டில் பாரம் தூக்கும் வேலைக்குக் கபாலி அண்ணன்தான் எஜமான். அவருடைய முறையைச் சொல்லியாக வேண்டும். முதலில் கொக்கியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, கொக்கி வளையத்துக்கு நேர்மேலே நிற்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஓர் எவர்சில்வர் தட்டில் விளிம்புக்கு ஓர் இழை குறைவாகத் தண்ணீர் ஊற்றிச் சட்டத்தின் மேல் வைப்பார். எல்லோரையும் பத்தடி பின்னால் தள்ளுவார். நீளமாக ஒரு விசில்: தூக்கு. "நாலு விரல்! நாலு விரல்தான்!" குட்டையாக இரண்டு: நிறுத்து. அப்புறம் குந்தி உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பார், நாலு மூலையையும் பார்ப்பார், மறுபடி தண்ணீரைப் பார்ப்பார். தண்ணீர் சரியென்றால்தான் மேற்கொண்டு ஒரு சாண்.

விசில் ஊதினார். கயிறு விறைத்தது. எஞ்சின் பக்கம் ஒரு விரல் எழும்பியது, இரண்டு, நாலு. ஆல்டர்னேட்டர் பக்கம் தரையை விடவேயில்லை. தட்டுத் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் ஓடி வழிந்தது. கீழே முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டை நழுவி, ஆல்டர்னேட்டரின் பக்க மூடி நசுங்கியது. இரண்டு விசில். நாலு விரலோடு நின்றதால் யாருக்கும் அடியில்லை.

கபாலி அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். "இன்னா சார் இது? ஒரு பக்கம் எழுந்துகிச்சு, இன்னொரு பக்கம் குந்திகினே கீது?"

சார் குனிந்து ஆல்டர்னேட்டர் பக்கத்தைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் இன்னாத்துக்கு இவ்ளோ தகடு? கொறைக்கறோம் கொறைக்கறோம்னு சொல்லிட்டு ஏத்தி வெச்சிகிறீங்களே."

"கம்ப்யூட்டர் சொன்னது அண்ணா" என்றேன்.

"சொல்லும் சொல்லும். வந்து ஒரு கை புடிக்கச் சொல்லு அத்த. பேஜாரா பூட்ச்சு."

வாடிக்கையாளரின் பொறியாளர் சிரிக்கவில்லை. நசுங்கிய மூடியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஸ்டெல்லா ஜன்னலோரம், நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். வண்டலூர் பக்கமிருந்து வந்த கூட்டம் நெருக்கியது.

"சார், நான் உங்ககிட்ட கேட்டேனே."

"என்ன கேட்டீங்க?"

"முதல் சுற்று ஓடின அன்னிக்கு. ஸ்டேஷன் மேம்பாலத்துல இறங்கும்போது. சட்டத்தையும் சேர்த்து நான் கையால போட்டேன், ஓர் அடி வந்துது. கம்ப்யூட்டர் ரெண்டு அடின்னு சொல்லுது, ஏன் சார்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

ஸ்டெல்லா ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார். "கைக்கணக்கு அப்படித்தான் இருக்கும், புரோகிராமை நானே செக் பண்ணிட்டேன், போங்கன்னீங்க."

எனக்கு ஞாபகம் இல்லை. பொய் சொல்கிறார் என்றும் தோன்றவில்லை. மேம்பாலத்தில் தினமும் இறங்குவோம், எத்தனையோ பேசுவோம். அந்த வாக்கியம் என்னுடையது போலத்தான் இருந்தது, என் குரலில் கேட்கவும் கேட்டது. ஆனால் சொன்ன இடத்தில் நான் இல்லை.

மறுநாள் மேலேயிருந்து எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். வரதராஜன் சார் எங்கள் இருவரையும் மறுபடி வாசிப்புக்கு உட்காரவைத்தார். தப்பு எங்கே இருக்க முடியும்? தரவில்தான். இந்தமுறை ஸ்டெல்லா வாசித்ததில் ராகம் இல்லை. புள்ளி, கமா, புள்ளி. தரவில் எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் ஏதாவது எழுதியாக வேண்டுமே. 'தரவில் பிழை இருக்கக்கூடும்; ஆராய்ந்து வருகிறோம். தயாரித்தவர்: ஸ்டெல்லா. ஒப்பிட்டவர்: சேகர்' என்று கடிதம் மேலே போனது. என் வேலை ஏற்கெனவே நிரந்தரம். அந்தத் தாளில் எங்கள் இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருந்தாலும் அவை ஒரே எடை அல்ல.

மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. பழைய முழு உத்திரத்தை எடுத்துப் பாதியாக வெட்டிக் கொடுத்தேன். மையம் இருக்கவேண்டிய தூரத்துக்குச் சரியாக இரண்டு மடங்கு அச்சாகி வந்தது.

புரோகிராமில், நான் சேர்வதற்கு முன்பே வரதராஜன் சார் கைப்பட எழுதிய ஒரு வரி உண்டு. பாதிச் சட்டம் கொடுத்தால், முழு உடல் பட்டியலில் உள்ளவற்றை இரண்டால் பெருக்கு. பாதியின் எடையை இரண்டால் பெருக்கினால் முழு எடை. கன அளவும் அப்படியே. மையத்தைப் பெருக்கக்கூடாது. வாழைப்பழத்தை நெடுக்காக வெட்டினாலும் பாதியின் நடு, காம்பிலிருந்து அதே தூரத்தில்தான் இருக்கும். ஓர் அடியில் இருந்த மையத்தைப் புரோகிராம் இரண்டு அடி என்று நம்பி, ஓர் அடிக்கு இழுக்க வேண்டுமென்று ஆல்டர்னேட்டர் பக்கம் தகடு தகடாக ஏற்றி, உண்மையில் அரை அடிக்கு இழுத்து வைத்திருந்தது. ஒன்றுமே செய்யாமல் ஸ்டெல்லா முதலில் வரைந்து கொடுத்த சட்டத்தை அப்படியே தூக்கியிருந்தால் தட்டுத் தண்ணீர் அசைந்திருக்காது.

சாரிடம் போனேன். தாளை நேராகப் படித்தார். தலைகீழாகப் படித்தார். அன்றைக்குப் பக்கவாட்டிலும் திருப்பிப் பார்த்தார்.

"பெருக்கற வரி என்னோடது. சரியான வரிதானே?"

"சரிதான் சார்."

"மையம் முழு உடம்பைச் சேர்ந்ததுதானே? நீ அங்க போட்டதும்…" விமானம் வந்தது. விரலைத் தூக்கிக் காத்திருந்தார். போன பிறகும் விரல் அப்படியே நின்றது. முதல்முறையாக, விட்ட இடம் அவருக்குத் தெரியவில்லை. "நீ போட்டதும் சரி. ரெண்டு சரி சேர்ந்தா எப்படிப்பா இப்படி ஆகும்?"

அவர் தப்பிக்கப் பேசவில்லை. உண்மையாகவே கேட்டார். நானும் உண்மையாகவே விழித்தேன்.

"மேல போய் நீயே சொல்லு சேகர். நான் சொன்னா நம்ம டிபார்ட்மென்ட் ஆளைக் காப்பாத்தறேன்னு நெனைப்பாங்க. அந்தப் பொண்ணோட ஃபைல் ஜெனரல் மேனேஜர் மேசையிலதான் இருக்கு."

படியேறும்போது என்னிடம் எல்லாம் தெளிவாக இருந்தது என்றுதான் நினைத்தேன். ஜெனரல் மேனேஜர் கணக்குப் படித்தவர் இல்லை, விற்பனையில் வளர்ந்தவர். பேனாவை மூடி வைத்துவிட்டு, "சிம்பிளா சொல்லுங்க" என்றார். நான் வாழைப்பழத்தில் ஆரம்பித்தேன். பட்டியலுக்குப் போனேன். பெருக்கலுக்கு வந்தேன்.

"இருங்க. இப்ப புரோகிராம் தப்புங்கறீங்களா?"

"புரோகிராம்ல இருக்கற ஒவ்வொரு வரியும் தனித்தனியா சரி சார்."

"அப்ப டேட்டா தப்பு."

"இல்ல சார், டேட்டாவும் சரி. பாதிச் சட்டம் குடுத்ததாலதான் அந்தப் பெருக்கல் வரி வேலை செஞ்சுது. முழுசா குடுத்திருந்தா வந்திருக்காது."

"யார் பாதி குடுத்தது?"

"ஸ்டெல்லா. ஆனா பாதி குடுக்கறதுதான் சார் நம்ம வழக்கம். எல்லாரும்…"

"முழுசா குடுத்திருந்தா வந்திருக்காது. சரியா?"

"வந்திருக்காது. ஆனா…"

பேனாவைத் திறந்து கோப்பில் ஏதோ எழுதினார். எனக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தது. தலைகீழாகப் படிக்கச் சொல்லிக்கொடுத்த இடத்தில் ஐந்தாறு வருஷம் வேலை செய்தவன் நான். 'பாதிச் சட்டம் – ஸ்டெல்லா' என்று எழுதியிருந்தார்.

'என் தப்பு' என்று இரண்டே சொல். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது முழு உண்மையாக இருந்திருக்காது; நான் முழு உண்மையைச் சொல்லப் போயிருந்தேன். முழு உண்மை அவ்வளவு குழப்பமானது என்பது எனக்கு அந்த அறையில்தான் தெரிந்தது. குழப்பமாகச் சொன்னேனா, குழப்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேனா? சில நாள் இது, சில நாள் அது. இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி இருக்கும், அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், நகர்ந்துகொண்டே இருக்கிறது.

பட்டியலிலிருந்து மையத்தை எடுத்துத் தனியாக வைத்தேன். மறுபடி ஓட்டினோம். ஆல்டர்னேட்டர் பக்கத் தகடுகள் மெலிந்தன, எடையும் குறைந்தது. இரண்டு வாரத்தில் மறுபடி யார்டு, தட்டு, தண்ணீர், விசில். சட்டம் நாலு மூலையும் ஒன்றாகத் தரையை விட்டது.

"அப்படிக் கேளு! சாமி பல்லக்கு மாரி கீது பாரு சார்" என்றார் கபாலி அண்ணன். ஸ்டெல்லாவைப் பார்த்து, "இன்னா மேடம், மூஞ்சி தொங்கிகினு கீது? தண்ணி ஒரு சொட்டு சிந்தல!" என்றார். ஸ்டெல்லா சிரித்தார். வாடிக்கையாளரின் பொறியாளர் எல்லோருக்கும் கைகொடுத்தார். எல்லாம் சரியாகிவிட்டதால் யாருக்கும் எதையும் மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. நான் மறுபடி மாடியேறவில்லை. சரியாகிவிட்டதால் கோப்பும் தானாகச் சரியாகும் என்று நம்பினேன் போலிருக்கிறது.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு கோப்பு கீழே வந்தது. ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. காரணம் எழுதும் இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. வரதராஜன் சார் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யோசிக்க வேண்டியது" என்றார். ஸ்டெல்லா, "யோசிங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய், பென்சில்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்.

கடைசி நாள் இருவரும் வழக்கம்போல் ஸ்டேஷன் வரை நடந்தோம். சாயங்காலக் கூட்டம். ரயில் பிடிக்க வேண்டியது நான்தான். ஸ்டெல்லாவின் குவார்ட்டர்ஸ் மறுபக்கம், நடந்தே போய்விடலாம். மேம்பாலத்தின் மேல் கைப்பிடியை ஒட்டி நின்றோம். கீழே பீச் ஸ்டேஷனிலிருந்து வந்த ரயில் காலியாகிக்கொண்டிருந்தது.

"செம்பாக்கம் வீடு?" என்றேன்.

"அந்தம்மா வேற யாருக்கோ குடுத்துட்டாங்க. அப்பா திருச்சி போயிடலாங்கறார், சித்தப்பா வீட்டுக்கு."

"நீங்க?"

"அப்பாவோடதான். இங்க யார் கூட இருக்கறது?" கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். "மேல போய் அவர்கிட்ட என்ன சார் சொன்னீங்க?"

சொன்னேன். வாழைப்பழம், பட்டியல், பெருக்கல், பாதி. அவர் எழுதியதையும் சொன்னேன். அதுவரை கேட்டவர்களிலேயே ஸ்டெல்லாவுக்குத்தான் ஒரு சொல் விடாமல் புரிந்தது. முடித்ததும் தலையசைத்தார், ஒரு கணக்குச் சரிதான் என்று ஒப்புக்கொள்வதுபோல. என் வண்டிக்கு மணியடித்தது. போகாமல் நின்றேன்.

"ஸ்டெல்லா, இதே பாலத்துல நீங்க என்கிட்ட கேட்டது… நிஜமாவே எனக்கு ஞாபகம் இல்லங்க."

"பரவால்ல சார்," என்றார். "எனக்கு இருக்கு."